தொப்பூர் இறக்கத்தில் மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு

02-06-2024, காலை

கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறேன். காரின் டேஷ்போர்டில் வழுக்கிப் போகும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கும் (வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி அமைப்பின் விளக்கு), ஏபிஎஸ் விளக்கும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) தொப்பூர் கணவாய் இறங்கும்போது மட்டும் எரிகின்றன. காவேரிப்பட்டணத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி தர்மபுரி தாண்டும் வரை ஒன்றும் இல்லை. பாளையம் டோல்கேட் கழிந்து கட்டமேடு இறங்க ஆரம்பித்ததும் வந்துவிடும். சேலத்தில் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்ப சாவி போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் போய்விடும். வரும் வழியில் அதே கணவாயை ஏறும்போது வருவதே இல்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். முன் வலது சக்கரத்தின் வேக சென்சார் என்று காட்டியது. புதிது போட்டார்கள், 2,600 ரூபாய். பத்தே நாளில் விளக்கு திரும்ப வந்தது. தர்மபுரியில் இன்னொரு பட்டறைக்குப் போனேன். "ஏபிஎஸ் யூனிட்டே போச்சுண்ணா, மாத்தினா 48,000 ஆகும்" என்கிறார். அதையும் மாற்றி, விளக்கு மறுபடி எரிந்தால்?

ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மாவை வைத்தியத்துக்குச் சேலம் கூட்டிப் போகிறேன். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் எப்படிப்பட்ட இடம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொருளை வாங்கி மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால், எது கெட்டது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

02-06-2024, இரவு

வண்டியின் விவரம் கேட்டவர்களுக்குப் பதில். வண்டி 2019 மாடல், 91,000 கிலோமீட்டர் ஓடியது. பேட்டரி போன வருடம் மாற்றியது, நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டுகிறது. மே மாதம் முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டு அலைன்மென்ட் பார்த்தேன். விளக்கு வர ஆரம்பித்தது அதற்கு முன்பா பின்பா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது, அதனால் சக்கர வேகம் மாறுபட்டுக் குழப்புகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) 8 மில்லிமீட்டர், தேய்ந்ததில் 3. சக்கரத்தின் ஆரம் சுமார் 300 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட வராது. அவ்வளவைத் தாங்கிக்கொள்ளும்படிதான் இந்த அமைப்பைச் செய்திருப்பார்கள். அதோடு டயர்தான் காரணம் என்றால் ஓசூர் ரோட்டிலும் எரிந்திருக்க வேண்டும்.

இன்னொருவர், அந்த பல்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள் என்கிறார். அய்யா, தயவு செய்து யாருக்கும் இதைச் சொல்லாதீர்கள். விளக்கு விடாமல் எரிந்தால் அந்த அமைப்பு வேலை செய்யாமல் ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் கணவாயில் இரட்டைப்பாலம் பக்கம் முன்னால் போகும் லாரி சட்டென்று நின்று, நாம் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த அது இருக்காது. அதே விளக்கு மினுக் மினுக் என்று மின்னினால் வேறு விஷயம். அந்த நேரத்தில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே வேண்டாம். முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் வேலையும் போயிருக்கலாம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவி போட்டதும் இந்த விளக்குகள் ஒரு சில விநாடி எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

05-06-2024

இரண்டு நாளாகப் படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான்.

இஎஸ்பி வேலை செய்வது இப்படி. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறோம் என்று ஒரு சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று இன்னொன்று சொல்கிறது. நான்கு சக்கரத்தின் வேகமும் தனித்தனியாகப் போகிறது. ஓட்டுநர் கேட்டதும் வண்டி செய்வதும் ஒன்றா என்று விநாடிக்கு 25 தடவை ஒப்பிடுவதாக போஷ் நிறுவனம் சொல்கிறது. ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும். 1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. 1997-ல் அவர்களுடைய சின்ன ஏ கிளாஸ் கார் சுவீடனில் ஒரு சோதனை ஓட்டத்தில் கவிழ்ந்த பிறகு அந்தக் காரிலும் எல்லாவற்றுக்கும் இதைப் போட்டார்கள். நம் நாட்டில் 2023-ல் வந்த, கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இது இருந்தாக வேண்டும்.

சக்கர வேக சென்சார் ஒன்று பொய் சொன்னால் ஏபிஎஸ், இஎஸ்பி இரண்டும் சேர்ந்து படுத்துக்கொள்வது இதனால்தான். இரண்டு விளக்கும் ஒன்றாக வருவது அதனால் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, அது ஒரு தடயம்.

என் சந்தேகம் சூடு. இறக்கத்தில் பிரேக் அழுத்துகிறோம், டிஸ்க் கொதிக்கிறது, பக்கத்தில் இருக்கும் சென்சாரோ ஒயரோ சூட்டில் விட்டுப்போகிறது. ஏறும்போது பிரேக் தேவையில்லை, விளக்கும் வருவதில்லை. கணக்கு சரியாக வருகிறது. நாளை வியாழன், பார்த்துவிடலாம்.

06-06-2024, இரவு

சூடு இல்லை. இன்று டோல்கேட் தாண்டியதும் மூன்றாவது கியர், அப்புறம் இரண்டாவது கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது, பிரேக்கை நான்கைந்து தடவைதான் தொட்டிருப்பேன். அப்படியும் விளக்கு வந்தது. கீழே ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

நியூட்ரலில் விட்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எண்ணெய் குடிக்கும். தொப்பூரில் போன உயிர்களில் பாதிக்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்று என் மனதில் ஓர் எண்ணம்.

09-06-2024, ஞாயிறு

கண்டுபிடித்தாயிற்று!

அக்கா மகன் ஓசூரில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை செய்கிறான். இன்று ஸ்கேனரோடு வந்தான். ஆன்லைனில் விற்கும் சின்ன புளூடூத் கருவியை நான் முதலிலேயே வாங்கி வைத்திருந்தேன். அது எஞ்சின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசியது, ஏபிஎஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் ஸ்கேனரில் ஓடும் எண்களைப் பார்த்தோம். சமதளத்தில், சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் கோணம் 0 காட்ட வேண்டும். காட்டியது இடது பக்கம் 6 பாகை. மே மாதம் அலைன்மென்ட் பார்த்தவர்கள் ஸ்டியரிங்கை நேராக்கினார்களே தவிர, சென்சாருக்கு இதுதான் நடு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. நேராகப் போகும்போதே நான் இடது பக்கம் திருப்புகிறேன் என்று பாவம் அது நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்கேனரிலேயே நடுவை அமைத்தோம். பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்தோம். செலவு, அவனுக்கு மதியம் சாப்பாடும் ஒரு டப்பா நிப்பட்டும்.

13-06-2024

வந்துவிட்டது. கட்டமேட்டில், அதே வளைவில்.

ஞாயிறு எழுதியதை அழிக்கவில்லை. ஸ்டியரிங் கோணம் தப்பாக இருந்தது உண்மை, அதைச் சரி செய்ததும் நல்லது. நான் தேடியது அது இல்லை, அவ்வளவுதான். அம்மா பின் சீட்டில் இருந்தபடியே, "விளக்கு எரிஞ்சா எரியட்டும், நீ ரோட்டப் பாருப்பா" என்றார்.

14-06-2024

அக்கா மகனிடம் ஞாயிறு எடுத்த ஸ்கேனர் படத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கினேன். இதை அன்றே பார்த்திருக்க வேண்டும். முன் வலது சக்கர சென்சாருக்கான குறியீடு சி0040, அது எல்லோரும் சொன்னதுதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: சிக்னல் நம்பத்தக்கதாக இல்லை. ஒயர் அறுந்திருக்கிறது என்றோ ஷார்ட் என்றோ அது சொல்லவில்லை.

இருபது வருடம் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். படம் ஆடுகிறது என்றால் பிக்சர் டியூபை மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை என்று என் குருநாதர் தினமும் சொல்வார். இங்கே அதேதான் நடந்திருக்கிறது. சென்சாரின் பெயரைச் சொல்லிப் புகார் வந்தது, சென்சாரையே மாற்றிவிட்டார்கள். சொன்ன தகவல் நம்பும்படி இல்லை என்றால், அந்தச் சென்சார் எதைப் பார்த்துச் சொல்கிறதோ அதையும் பார்க்க வேண்டாமா? சக்கரம் சுழலத் தாங்கும் பேரிங்கின் சீலிலேயே வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் பதித்த ஒரு வளையம் இருக்கிறது. அது சுற்றுவதைத்தான் சென்சார் எண்ணுகிறது.

16-06-2024, ஞாயிறு

பரணில் இருந்து பழைய ஊசி மீட்டரை இறக்கினேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் காலத்துச் சென்சாருக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது. பழைய சுருள் வகையைப் போல ஓம்ஸ் வைத்து அளந்தால் ஒன்றும் தெரியாது, கெட்டும் போகலாம். இதில் அளக்க வேண்டியது மின்னோட்டம். இரண்டு ஒயர்தான். ஒன்றை நேராக இணைத்து, இன்னொன்றைப் பிரித்து அதன் இரு முனைக்கும் நடுவே மீட்டரை 25 மில்லி ஆம்பியரில் வைத்தேன். சாவி போட்டதும் ஊசி 7-ல் நின்றது. மகள் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைக் கையால் மெல்லத் தள்ளினாள். ஊசி 14-க்குத் தாவியது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் திரும்ப 7. கடிகாரப் பெண்டுலம் போல ஒரே சீராக. டிஜிட்டல் மீட்டரில் இது இவ்வளவு அழகாகத் தெரியாது.

ஒரு முழுச் சுற்றுக்கு 48 தாவல். இடது சக்கரத்திலும் செய்தோம், அங்கும் 48. மூன்று தடவை எண்ணினோம், வலதில் ஒன்றுகூட விடவில்லை.

ஆக காந்த வளையம் நன்றாக இருக்கிறது, சென்சார் நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது. முதுகு வலிதான் மிச்சம். யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

16-06-2024, இரவு

இரண்டு விஷயம். இரண்டுமே முக்கியம்.

மேலே ஏறும்போது வருவதே இல்லை என்று முதல் நாள் எழுதினேன். மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, ஏப்ரல்ல பாட்டியோட வரும்போது ஏத்தத்துல வந்துச்சே, ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணினப்போ" என்கிறாள். யோசித்தால் எனக்கும் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் என்றால் டயர் மாற்றுவதற்கு முன்பு. ஆக டயர், அலைன்மென்ட், சூடு எல்லாக் கதையும் ஒரே அடியில் போயிற்று.

இன்னொன்றை எழுதவே விட்டுவிட்டேன். டோல்கேட்டில் இடது பக்க லேனுக்கு ஒடித்து நிறுத்தும்போது பிரேக் பெடல் சில சமயம் காலுக்கடியில் கடகடவென்று அடிக்கும். ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன். அது ஏபிஎஸ் வேலை செய்யும் அதிர்வு. நடந்து போகிற வேகத்தில், காய்ந்த ரோட்டில் ஏபிஎஸ்ஸுக்கு என்ன வேலை? ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டது என்று அது தப்பாக நினைத்திருக்கிறது.

அரூரில் இருந்து லாரி ஓட்டும் அண்ணன் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "சக்கரத்தை மேலும் கீழும் புடிச்சு ஆட்டிப் பார்த்தீங்களா தம்பி?"

பார்க்கவில்லை. இப்போது டார்ச்சோடு போகிறேன்.

16-06-2024, இரவு 11 மணி

ஆட்டம் இருக்கிறது. உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டினால் விரலில் டிக் என்று ஒரு சின்னத் தட்டு. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். மகளை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொன்னேன். ஆட்டம் நின்றது. பால் ஜாயின்ட்டாக (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) இருந்தால் பிரேக் பிடித்தாலும் ஆடும். இது பேரிங்.

அரூர் அண்ணா, இவ்வளவு நாள் படித்ததெல்லாம் ஒரு பக்கம், உங்கள் ஒரு வரி ஒரு பக்கம்.

17-06-2024

பக்ரீத் விடுமுறை, அக்கா மகன் வந்துவிட்டான். ஊருக்கு வெளியே வீட்டுமனை போட்டுக் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் போனோம். அவன் மடியில் ஸ்கேனர், நான் ஓட்டினேன், 20 கிலோமீட்டர் வேகம்தான். முதலில் வலது பக்கமாக வட்டம். நான்கு எண்ணும் ஒழுங்காக ஓடின. அப்புறம் இடது பக்கமாக வட்டம். வெளிப்பக்கம் ஓடும் வலது சக்கரம்தான் அதிக வேகம் காட்ட வேண்டும். 22, 23, 22, திடீரென்று 0, திரும்ப 23, திரும்ப 0. விளக்கு எரிந்தது.

"மாமா, நிறுத்து நிறுத்து, புடிச்சாச்சு" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. இடது வளைவில் வண்டியின் பாரம் வலது முன் சக்கரத்தில் இறங்குகிறது. இறக்கமாக இருந்தால் முன்பக்கப் பாரம் இன்னும் கூடும். பேரிங் ஆடுவதால் சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் சாய்கிறது, காந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்க வேண்டிய மில்லிமீட்டர் கணக்கு இடைவெளி விரிகிறது, சென்சாருக்குக் கண் தெரியாமல் போகிறது. ஜாக்கியில் தூக்கிவைத்து எண்ணினால் பாரம் ஏது? 48 சரியாகத்தான் வரும். நேற்று நான் எண்ணியது தப்பில்லை, சக்கரத்தைத் தொங்கவிட்டு எண்ணியதுதான் தப்பு.

சரியாகும் வரை அம்மாவை இந்த வண்டியில் ஏற்றப்போவதில்லை.

19-06-2024

பிரித்தாயிற்று. பக்கத்திலேயே பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறை.

வீல் கப்பைக் கழற்றியதும் ஹப் நட் தெரிந்தது. ஆக்சில் முனையில் ஒரு காடி வெட்டியிருக்கும். நட்டை முறுக்கிய பிறகு அதன் விளிம்பை அந்தக் காடிக்குள் தட்டி மடக்கிவிட வேண்டும், அப்போதுதான் கழன்று வராது. இதில் மடக்கிய தடம் இருந்தது, ஆனால் காடிக்கு நேராக இல்லை, விரல் அகலம் தள்ளி இருந்தது. அது பழைய மடிப்பு. போன வருடம் ஒரு பட்டறையில் இந்தப் பக்கப் பேரிங் மாற்றினேன். அப்போது பழைய நட்டையே திரும்ப மாட்டி, புதிதாகத் தட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆள் உயரக் குழாயைப் போட்டு ஏறி மிதித்தால்தான் அசைய வேண்டிய நட், சாதாரண ஸ்பேனருக்கு ஒரு கை பலத்தில் திரும்பியது. எனக்கு உடம்பு சில்லிட்டது. விளக்கு எரிந்திருக்காவிட்டால் இதை இன்னும் எத்தனை வியாழக்கிழமை ஓட்டியிருப்பேன்?

பேரிங் உள்வளையத்தில் குழி விழுந்திருந்தது, கிரீஸ் காபிப் பொடி நிறம். புது பேரிங் 1,850, புது நட் 90, கூலி 700. 48,000-ஐ நினைத்துப் பார்க்கிறேன்.

நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். என் வண்டிக்குக் கையேட்டில் 220 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு வண்டிக்கும் இது வேறு, என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

20-06-2024

போய் வந்தோம். எரியவில்லை. கட்டமேடு, இரட்டைப்பாலம், இடது வளைவு எல்லாவற்றிலும் கண் டேஷ்போர்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, அதை மட்டும் கட்டுப்படுத்த முடியவில்லை.

23-06-2024

பேரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தாலும் இப்படி ஆகுமே என்று கேட்டவருக்கு. ஆகும், ஆனால் இப்படி ஆகாது. காந்த வளையம் சென்சார் இருக்கும் பக்கம் வர வேண்டும். மாற்றி அழுத்திவிட்டால் சிக்னலே கிடைக்காது, வண்டி நகர்ந்த சில மீட்டரிலேயே விளக்கு வந்துவிடும். என்னுடையது வளைவில் மட்டும்தான் விட்டுப்போனது.

புது பேரிங்கில் எந்தப் பக்கம் காந்தம் என்று பார்க்க மகள் ஒரு வழி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் செய்ததாம். மெல்லிய தாளை மேலே வைத்து, லேத்துக்கு அடியில் கிடந்த இரும்புத்தூளைத் தூவினோம். ஒரு பக்கத்தில் தூள் சும்மா கிடந்தது. திருப்பி வைத்ததும் வட்டமாக, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கோடு கோடாக எழுந்து நின்றது. எண்ணும் அளவுக்குத் தெளிவில்லை, பக்கம் எது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. பிறகு பேரிங்கைத் துடைத்துவிட்டுத்தான் பிரஸ்ஸில் வைத்தார்கள். இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே புதுக் கோளாறு ஆகிவிடும். அழுத்தும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டு பதிந்து, புது பேரிங்கே சத்தம் போடும்.

பாலக்கோட்டுத் தம்பிக்கு. பேட்டரி மாற்றியதில் இருந்து விளக்கு எரிகிறது என்றால் செலவு செய்யும் முன், எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பிவிட்டு, கொஞ்ச தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கோண சென்சார் அப்படித்தான் நடுவைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். போகவில்லை என்றால் பிரேக் மிதிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்த ஸ்விட்ச் கெட்டாலும் இதே விளக்கு வரும்.

27-06-2024

இரண்டாவது வியாழனும் சுத்தம். டோல்கேட்டில் பெடல் அடிப்பதும் நின்றுவிட்டது.

வரும் வழியில், போன வருடம் பேரிங் மாற்றிய பட்டறைக்குப் போனேன். சண்டை போட இல்லை. பழைய நட்டைக் கொண்டுபோய் அந்தப் பையனிடம் காட்டினேன். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புது நட்டு போடணும்னு யாரும் எனக்குச் சொல்லலீங்க அங்கிள்" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை. அவனுடைய முதலாளி வந்து கேட்டுவிட்டு, எத்தனை முறுக்கு என்றார். சொன்னேன். பையன் சாக்பீஸை எடுத்துச் சுவரில் என் வண்டியின் பெயரை எழுதி, பக்கத்தில் 220 என்று எழுதினான். கீழே இன்னொரு வண்டிப் பெயரையும் எழுதி, எண்ணுக்கு இடம் விட்டுவிட்டு, "இதுக்கு எத்தனைங்க?" என்று கேட்டான். கையேட்டைப் பார்த்து வியாழக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.